எண்ணெயில் பொங்கும் முட்டை: தாய்லாந்து ஆம்லெட்டும் வெள்ளைச் சோறும்

தாய்லாந்து ஆம்லெட்டை வீட்டில் செய்து பார்த்துவிட்டு, "வழக்கமான ஆம்லெட் மாதிரிதானே இருக்கு" என்று சலித்துக்கொள்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எண்ணெய் எவ்வளவு ஊற்றினீர்கள்? இரண்டு ஸ்பூன் என்று பதில் வந்தால் மேற்கொண்டு விசாரிக்க எதுவும் இல்லை. தாய்லாந்துக்காரர்கள் கைஜியாவ் என்று சொல்லும் இந்த முட்டை சட்டியின் சூட்டில் வேகுவதில்லை. எண்ணெயின் சூட்டில் பொரிகிறது. ஓரமெல்லாம் சுருள்சுருளாக மொறுமொறுத்து, நடுவில் மெத்தென்று உப்பி, பொன்னிறத்துக்கும் பழுப்புக்கும் இடைப்பட்ட நிறத்தில் வந்தால்தான் அது கைஜியாவ். அதைச் சூடான வெள்ளைச் சோற்றின் மேல் போட்டுவிட்டால் காவ் கைஜியாவ். பாங்காக்கில் கேட்டதைச் சமைத்துத் தரும் சாலையோரக் கடைகளிலும், அவசரத்தில் சமைக்கும் வீடுகளிலும், காலை, மதியம், இரவு என்று நேரம் பார்க்காமல் சாப்பிடப்படும் தட்டு இது.

பொருட்கள் மிகக் குறைவு. முட்டை, மீன் சாஸ், எண்ணெய், சோறு. இந்த நான்கும் இருந்தால் போதும். மற்றவை எல்லாம் கூடுதல். அதனால்தான் இதில் தப்பு நடந்தால் ஒளிய இடமே இல்லை. மசாலா போட்டு மூட முடியாது. சூடு சரியாக இருந்ததா இல்லையா என்பது தட்டைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

ஒருவருக்கான அளவு இது. நடுத்தர அளவு முட்டை 2. ஓடு நீக்கினால் சுமார் 100 கிராம் வரும். மீன் சாஸ் ஒன்றரை டீஸ்பூன். எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன். தண்ணீர் 1 டேபிள்ஸ்பூன். அரிசி மாவு 1 டீஸ்பூன், இது விருப்பம்தான். பொரிக்க எண்ணெய் 240 மில்லி, அதாவது ஒரு கப். இந்த ஒரு கப்பைப் பார்த்து மிரள வேண்டாம். இதில் பெரும்பகுதி வாணலியிலேயே மிஞ்சும். வடிகட்டி அடுத்த முறைக்கு எடுத்து வைக்கலாம். பொரிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெயை அளந்து பாருங்கள். முட்டை குடித்த அளவு கண்ணெதிரே தெரியும். சூடு சரியாக இருந்த நாளில் அது குறைவாகவும், சூடு போதாத நாளில் கூடுதலாகவும் இருக்கும்.

வாணலியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. அடி குவிந்த இரும்பு வாணலி என்றால் ஒரு கப் எண்ணெயே நடுவில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும். மேற்பரப்பில் பதினேழு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் கிடைக்கும். இரண்டு முட்டைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும் அது. ஊற்றிய முட்டை பக்கவாட்டில் ஓடிப் போகாமல் நடுவிலேயே குவியும்; அப்படிக் குவிவதால் உயரமாக எழும்பும். தட்டையான கடாய்தான் இருக்கிறது என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் வேண்டாம். அதில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் நிற்கவே 300 மில்லிக்கு மேல் எண்ணெய் வேண்டும். 28 சென்டிமீட்டர் கடாயில் இதைச் செய்ய முயன்றால், ஒன்று எண்ணெயைக் கொட்டித் தீர்க்க வேண்டும், அல்லது அப்பளம் போல மெலிந்த ஒன்றைச் சாப்பிட வேண்டும். ஒட்டாத பூச்சு போட்ட பாத்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தச் சமையல் கேட்கும் கடும் சூட்டை அந்தப் பூச்சின் மேல் அடிக்கடி ஏற்றுவது நல்லதில்லை. பழக்கிய இரும்பில் எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தால் முட்டை ஒட்டவே ஒட்டாது.

எண்ணெய் எதுவாக இருக்கலாம்? வாசனை இல்லாததாக, அதிக சூட்டைத் தாங்குவதாக இருக்க வேண்டும். தாய்லாந்துச் சமையலறைகளில் சோயா எண்ணெய், பாமாயில், தவிட்டெண்ணெய் மூன்றும் சாதாரணமாகப் புழங்குகின்றன. தவிட்டெண்ணெய் 230 டிகிரி வாக்கில்தான் புகையத் தொடங்கும் என்பதால் இந்த வேலைக்கு அது மிகவும் வசதி. பழைய முறையில் பன்றிக் கொழுப்பு. அதில் பொரித்தால் ஓரத்துக்கு வரும் மணம் தனி. வெண்ணெயில் மட்டும் செய்ய வேண்டாம். அதிலுள்ள பால் திடப்பொருள் 150 டிகிரியைத் தாண்டும்போதே கருகத் தொடங்கிவிடும்.

இனி மீன் சாஸ். தாய்லாந்தில் நாம்ப்ளா. நெத்தலி மீனையும் உப்பையும் தொட்டிகளில் சேர்த்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் நொதிக்கவிட்டு வடித்தெடுக்கும் திரவம். புட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. சூடான எண்ணெயில் முட்டையோடு போய் விழுந்ததும் அந்த வாடை அடங்கிவிடும். எஞ்சுவது உப்பும், நாக்கின் அடியில் நிற்கும் ஒரு ருசியும். ஒன்றரை டீஸ்பூனில் சுமார் 1.8 கிராம் உப்பு இருக்கும். இரண்டு முட்டைக்கு இது கூடுதலாகத் தோன்றலாம். வெறும் ஆம்லெட்டாகத் தின்றால் கூடுதல்தான். ஆனால் கூடவே உப்பே போடாத ஒரு தட்டுச் சோறு வருகிறது. இந்த முட்டைதான் அந்தச் சோற்றுக்குக் குழம்பு, பொரியல், ஊறுகாய் எல்லாம். சோற்றோடு சேர்த்துத்தான் உப்பைக் கணக்குப் போட வேண்டும். புட்டிக்குப் புட்டி உப்பு மாறும் என்பதால், புதிதாக வாங்கியதை முதல் தடவை ஒரு டீஸ்பூனோடு நிறுத்திப் பாருங்கள்.

மீன் சாப்பிடாதவர்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் மெல்லிய சோயா சாஸ் 2 டீஸ்பூன் சேர்க்கலாம். தாய்லாந்து வீடுகளிலேயே மீன் சாஸுக்குப் பதிலாகச் சோயா சாஸோ, அந்த வகையைச் சேர்ந்த சீசனிங் சாஸோ ஊற்றுபவர்கள் நிறைய. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சோயா சாஸில் நிறமும் கொஞ்சம் சர்க்கரையும் இருப்பதால் முட்டை சீக்கிரம் சிவந்துவிடும். நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று ஏமாறக்கூடாது.

முதலில் சோறு

சோறு தயாரான பிறகுதான் முட்டையை உடைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் எல்லாம் கெட்டது. ஆம்லெட் சட்டியை விட்டு இறங்கி ஐந்தாறு நிமிடத்தில் அமுங்கத் தொடங்கும். குக்கர் எப்போது அணையும் என்று அது காத்திருக்காது.

அரிசி ஹோம் மாலி, உலகம் ஜாஸ்மின் அரிசி என்று அழைப்பது. 1959-இல் தாய்லாந்து அரசு விவசாயிகளுக்கு விடுவித்த காவ் டாக் மாலி 105 என்ற ரகம்தான் இதில் பேர்போனது. வடகிழக்கில் ரோய்எட், சுரின், சிசாகெட், யாசோதோன், மகாசாரகாம் ஆகிய மாகாணங்களுக்குள் விரிந்து கிடக்கும் துங் குலா ரோங்ஹாய் சமவெளியில் விளைவதற்கு மதிப்பு அதிகம். வெந்தால் லேசாக ஒட்டிக்கொண்டு, மெத்தென்று, மணத்தோடு இருக்கும். அந்த மென்மை இங்கே அவசியம். மொறுமொறுப்பான முட்டைக்கு அடியில் உதிரியாக விறைத்த சோறு இருந்தால் வாயில் இரண்டும் சேராது.

ஒரு கப் அரிசியை, அதாவது 200 கிராமை, இரண்டு முறை மட்டும் அலசுங்கள். ஊற வைக்க வேண்டாம். அடுப்பில் வைப்பதென்றால் ஒன்றே கால் கப் தண்ணீர். மின்சாரக் குக்கரில் அதைவிட ஒரு கை குறைவு. புது அரிசிக்குத் தண்ணீர் இன்னும் குறைய வேண்டும். பழைய அரிசி கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். கொதி வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து, மூடி போட்டு 12 நிமிடம். அணைத்த பின் மூடியைத் திறக்காமல் 10 நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தைத் திருடுகிறவர்களுக்கு மேலே வறண்டும் அடியில் குழைந்தும் சோறு கிடைக்கும். பத்து நிமிடம் முடிந்ததும் மரக் கரண்டியால் அடியிலிருந்து கிளறி, ஆவியை வெளியேற்றிவிட்டு மறுபடி மூடுங்கள். இது இரண்டு தட்டுக்கு வரும்.

நேற்றைய சோறு வேண்டாம். வறுத்த சோற்றுக்குத்தான் அது உகந்தது. இங்கே சோற்றிலிருந்து ஆவி எழ வேண்டும்.

முட்டையை அடிப்பது

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை அப்படியே உடைக்காதீர்கள். 5 டிகிரியில் இருக்கும் முட்டைக்கும் 25 டிகிரியில் இருக்கும் முட்டைக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் தெரியும்: ஒரு கப் எண்ணெயில் 100 கிராம் முட்டை விழும்போது, அந்த 20 டிகிரி வித்தியாசத்தை ஈடுகட்டுவதற்கு மட்டும் எண்ணெயின் சூடு ஏறத்தாழ 15 டிகிரி கூடுதலாக இறங்க வேண்டியிருக்கும். பொங்குவதா, படுப்பதா என்பதை முடிவு செய்ய அந்தப் பதினைந்து டிகிரியே போதும். அரைமணி நேரம் வெளியே எடுத்து வையுங்கள். அவசரம் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள்.

ஆழமான கிண்ணத்தில் முட்டை, மீன் சாஸ், எலுமிச்சைச் சாறு, தண்ணீர். அரிசி மாவு சேர்ப்பதானால் அந்த ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் முதலில் கரைத்துக்கொண்டு ஊற்றுங்கள். நேராகத் தூவினால் கட்டி கட்டியாகத் திரண்டு, எண்ணெயில் வெள்ளைப் புள்ளிகளாகப் பொரிந்து நிற்கும். பிறகு முள்கரண்டியால், கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்து, முக்கால் நிமிடம் வேகமாக அடியுங்கள். வெள்ளைக் கரு இழை இழையாகத் தொங்குவது நின்று, மேலே விரல் கனத்துக்கு நுரை திரள வேண்டும். மின்சார அடிப்பான் தேவையில்லை. கேக்குக்கு அடிப்பதுபோல் அடித்துவிட்டால் வெறும் நுரைதான் பொரியும். கடிக்க ஒன்றும் இருக்காது.

ஏன் இந்த நுரை, ஏன் இந்தத் தண்ணீர்? முட்டையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். 190 டிகிரி எண்ணெயில் விழுந்த நொடியில் அது ஆவியாகிறது. ஆவியானால் தண்ணீர் தன் பழைய அளவைப்போல் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். முட்டைப் புரதம் 60 டிகிரியைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கி, 80 டிகிரியில் நன்றாகக் கட்டிப்பட்டுவிடும். ஆவி விரிவதும் புரதம் இறுகுவதும் ஒரே சமயத்தில் நடந்தால், விரிந்த நிலையிலேயே முட்டை இறுகிக்கொள்கிறது. அதுதான் அந்த உப்பல். அடித்த நுரையின் குமிழிகள் ஆவி தங்குவதற்கு இடம் கொடுக்கின்றன. எண்ணெயில் சூடு குறைவாக இருந்தால் புரதம் மெதுவாக இறுகும், ஆவி மெதுவாகக் கசிந்து போய்விடும், காலியான இடத்துக்கு எண்ணெய் வந்து உட்காரும். எண்ணெய் குடித்த ஆம்லெட் என்று நாம் திட்டுவது அதைத்தான். ஆகவே எண்ணெயைக் குறைப்பதால் ஆம்லெட்டில் எண்ணெய் குறைவதில்லை. கொஞ்ச எண்ணெய் சீக்கிரம் ஆறிப்போகும். ஆறிய எண்ணெய்தான் உள்ளே இறங்கும்.

எலுமிச்சைச் சாறு புளிப்புக்காக அல்ல. அரை டீஸ்பூனில் புளிப்பு தெரியவும் தெரியாது. அமிலம் பட்டால் முட்டைப் புரதம் கொஞ்சம் முன்னதாகவே இறுகும். அது குமிழிகளைப் பிடித்து நிறுத்த உதவும். அரிசி மாவு ஓரத்தின் மொறுமொறுப்பைச் சில நிமிடங்கள் நீட்டிக்கும். ஒரு டீஸ்பூனைத் தாண்டினால் பஜ்ஜி மாவின் ருசி வந்துவிடும். என்னைக் கேட்டால் உடனே சாப்பிடுவதாக இருந்தால் மாவே வேண்டாம். முட்டையின் சுத்தமான ருசி அதில்தான்.

அடித்த முட்டையை வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் நுரை வடிந்து அடியில் தண்ணீராக நிற்கும். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போதே அடிக்க வேண்டும். அடித்து முடிக்கவும் எண்ணெய் தயாராகவும் சரியாக இருக்க வேண்டும்.

பொரிக்கும் ஒன்றரை நிமிடம்

எண்ணெயை நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலான தீயில் வையுங்கள். வெப்பமானி இருந்தால் 190 டிகிரி. இல்லையென்றால் மரக் குச்சியின் நுனியை விடுங்கள்: சுற்றிலும் குமிழிகள் விறுவிறுவென்று கிளம்ப வேண்டும். அதைவிட நம்பகமான சோதனை முட்டையே. ஒரு சொட்டு விட்டால் அது அடியில் தங்காமல் உடனே பூத்து மேலே வர வேண்டும், இரண்டு மூன்று நொடியில் ஓரம் நிறம் மாறத் தொடங்க வேண்டும். சொட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் இன்னும் சூடு போதாது. விழுந்த நொடியிலேயே பழுப்பாகிவிட்டால், அல்லது எண்ணெயிலிருந்து புகை கிளம்பினால், அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுங்கள்.

இப்போது ஊற்ற வேண்டும். கிண்ணத்தை எண்ணெய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, மெல்லிய தாரையாக, நடுவிலேயே விழும்படி, ஆனால் தயங்காமல் ஊற்றுங்கள். ஐந்து நொடிக்குள் முழுவதும் இறங்கிவிட வேண்டும். உயரத்திலிருந்து விழும் முட்டை எண்ணெயைத் துளைத்துக்கொண்டு போய், பிறகு பல திசைகளில் சிதறி மேலே வருகிறது. அந்தச் சிதறலில்தான் சுருள் ஓரம் பிறக்கிறது. கைஜியாவ் ஃபூ என்று சொல்லப்படும் அதிகம் பூத்த வகைக்கு, துளையிட்ட கரண்டியையோ வடிகட்டியையோ எண்ணெய்க்கு மேல் பிடித்து அதன் வழியாக ஊற்றுவார்கள். முட்டை நூல் நூலாக விழுந்து வலை போலப் பின்னிக்கொள்ளும். முதல் தடவை செய்பவர் நேராகவே ஊற்றலாம்.

தெறிப்பு பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாணலியின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி எண்ணெய் நிற்கக்கூடாது, ஏனென்றால் முட்டை விழுந்ததும் நுரைத்துக்கொண்டு மேலே ஏறும். நீளக் கை வைத்த சட்டையும் நீளக் கைப்பிடி கொண்ட சட்டுவமும் நல்லது. ஒரு சாண் உயரம் பயமாக இருந்தால் அரைச் சாணிலிருந்து ஊற்றுங்கள்; சுருள் குறையும், ருசி குறையாது. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு, உலோக மூடியால் வாணலியை மூடிவிட வேண்டும். அந்த மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஊற்றியவுடன் தீயைக் கூட்டுங்கள். இது பலரும் விடுகிற படி. எண்ணெயின் சூடு அந்த நொடியில் நாற்பது ஐம்பது டிகிரி இறங்கியிருக்கும். அதை மீட்க வேண்டும். முட்டையைத் தொடாதீர்கள். நடுவில் ஈரமாகத் தேங்கி நிற்கும் பகுதி இருந்தால், சட்டுவத்தால் ஓரத்து எண்ணெயை அள்ளி அதன் மேல் விட்டுக்கொண்டே இருங்கள். ஐம்பது நொடி முதல் ஒரு நிமிடத்துக்குள் அடிப்பக்கம் பொன்னிறமாகி, முழு ஆம்லெட்டும் ஒரே துண்டாக எண்ணெயில் மிதந்து நகரும். சட்டுவத்தால் தள்ளினால் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். போகாவிட்டால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம்.

திருப்புவதற்குச் சட்டுவத்தை முழுவதும் அடியில் கொடுத்து, எண்ணெயை விட்டு மேலே தூக்காமல், வாணலியின் சரிவோடு சேர்த்துச் சாய்த்து உருட்டிவிடுங்கள். தூக்கி வீசினால் எண்ணெய் உங்கள் பக்கம்தான் வரும். உடைந்துவிடும் போலிருந்தால் சட்டுவத்தின் ஓரத்தாலேயே இரண்டாக வெட்டி, பாதி பாதியாகத் திருப்பலாம். அதில் எந்தக் குறையும் இல்லை. இரண்டாவது பக்கம் முப்பது, நாற்பது நொடி போதும். எடுப்பதற்கு முன் கடைசி ஐந்து நொடிக்குத் தீயை முழுவதும் கூட்டிவிடுங்கள். எண்ணெய் சூடாக இருக்கும்போது வெளியே வரும் ஆம்லெட்டில் எண்ணெய் தங்காது.

எடுத்ததும் காகிதத்தின் மேல் போட்டு மூடிவைப்பது வழக்கமாகிவிட்டது. அடியில் ஆவி அடைபட்டு அந்தப் பக்கம் நமத்துப் போகும். கம்பி வலைமேல் வையுங்கள். இல்லாவிட்டால் வாணலியின் சரிவில் ஏற்றி, சட்டுவத்தால் லேசாக அழுத்திப் பிடித்துப் பத்து நொடி எண்ணெய் வடியவிட்டு நேராகச் சோற்றுக்குக் கொண்டு போங்கள். சாலையோரக் கடைகளின் வேகத்துக்கு இரண்டாவது வழிதான் ஒத்துவரும்.

பாங்காக்கின் மகாசாய் சாலையில் ஜே ஃபாய் கடை நடத்தும் சுபின்யா ஜன்சுதாவின் நண்டு ஆம்லெட் உலகப் புகழ் பெற்றது. 2017 டிசம்பரில், சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷ்லின் வழிகாட்டி பாங்காக்குக்கு முதன்முதலாக வந்தபோதே அந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. கண்ணுக்குத் தெறிப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கரி அடுப்பின் முன் நின்று அவர் செய்வது தடித்த உருளை வடிவம். வீட்டு ஆம்லெட்டின் தோற்றம் அதற்கு இல்லை. ஆனால் அடிப்படை இதேதான்: வாணலியில் தாராளமான எண்ணெய், அடியில் கடும் சூடு, முட்டைமேல் எண்ணெயை அள்ளி ஊற்றி ஊற்றி எல்லாப் பக்கமும் பொரிப்பது. நண்டும் புகழும் அதற்கு மேல் வந்தவை.

எங்கே பிசகுகிறது

தட்டையாக வந்தால் காரணம் மூன்றில் ஒன்று: எண்ணெய் குறைவு, சூடு குறைவு, அல்லது அடித்த முட்டை காத்திருந்தது. இந்த வரிசையிலேயே சரிபார்த்துக்கொண்டு வாருங்கள். பெரும்பாலும் முதலாவதிலேயே விடை கிடைத்துவிடும்.

வெளியே கருத்து உள்ளே வழவழவென்று இருந்தால் எண்ணெய் 200 டிகிரியைத் தாண்டியிருக்கிறது, அல்லது மூன்று நான்கு முட்டையை ஒரே வட்டத்தில் குவித்திருக்கிறீர்கள். ஒரு தடவைக்கு இரண்டு முட்டை, பெரிய வாணலியில் மூன்று. அதற்கு மேல் வேண்டாம். திருப்பும்போது கிழிந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள். ஒட்டிக்கொண்டால் முட்டை விழும்போது இரும்பு போதுமான அளவு காயவில்லை.

ஆறியதும் அமுங்குகிறதே என்று கேட்பவர்களுக்கு: அது பிசகு இல்லை. உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து தண்ணீராகும்போது உப்பல் இறங்கித்தான் ஆகும். ஓரத்தின் மொறுமொறுப்பு மட்டும் நின்றால் போதும். அமுங்கியது வெறும் ஈரத் துணியாகக் கிடந்தால்தான் சூடு போதவில்லை என்று பொருள்.

வெங்காயம், தக்காளி சேர்ப்பவர்கள் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். சின்ன வெங்காயம் இரண்டை மெல்லியதாகச் சீவி, முட்டையை அடித்து முடித்தபின் கடைசியில் சேருங்கள். முன்கூட்டியே போட்டால் மீன் சாஸின் உப்புக்கு அது நீர்விட்டுக்கொள்ளும். தக்காளியில் விதையும் சாறும் நீக்கிய சதை மட்டும். வெங்காயத்தாள் ஒரு டேபிள்ஸ்பூன் வரை தொந்தரவில்லை. பச்சை மிளகாயை முழுதாகப் போடக்கூடாது, வெடிக்கும்.

பன்றி இறைச்சிக் கொத்து சேர்த்தது கைஜியாவ் மூசாப். தாய்லாந்தில் வெறும் ஆம்லெட்டுக்கு அடுத்தபடியாக எங்கும் கிடைப்பது இதுதான். மூன்று முட்டைக்கு 75 கிராம் கொத்துக்கறி, மீன் சாஸ் மொத்தம் இரண்டரை டீஸ்பூன். கறியைத் தனியே வதக்க வேண்டாம். பச்சையாகவே முட்டையில் போட்டு முள்கரண்டியால் உதிர்த்து அடியுங்கள். உருண்டையாகத் திரண்டு நின்றால் அதன் நடு வேகாது. கறி கனம் என்பதால் இது அவ்வளவு பொங்காது. எண்ணெயை 175 டிகிரிக்கு இறக்கி, பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை பொரியுங்கள். நடுவில் கத்தியால் பிளந்து பார்த்து, இளஞ்சிவப்பு துளியும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

உப்பிட்டுப் பதப்படுத்திய முள்ளங்கி சேர்ப்பதும் உண்டு. கழுவிப் பிழிந்து பொடியாக நறுக்கியது 2 டேபிள்ஸ்பூன். அப்போது மீன் சாஸைப் பாதியாக்கிவிடுங்கள். சா-ஓம் கீரை ஆம்லெட் இன்னொரு வழியில் போகிறது. இறகு போன்ற இளந்தளிர், பச்சையாக இருக்கும்போது கடுமையான வாடை, காம்பில் முள். தளிரை உருவி எடுத்து, ஒரு கைப்பிடியை மூன்று முட்டையில் அடர்த்தியாகக் கலந்து, குறைந்த எண்ணெயில் நிதானமான தீயில் கெட்டியான அடையாக வேகவைத்து, சதுரத் துண்டுகளாக வெட்டுவார்கள். அது சோற்றுமேல் தனியாகப் போவதில்லை. இறால் விழுதில் அரைத்த நாம்ப்ரிக் காபிக்குத் துணையாகவோ, புளிப்பான கேங் சோம் குழம்புக்குள்ளேயோ போகும். பொங்க வேண்டிய அவசியமே இல்லாத ஆம்லெட் என்பதால் அங்கே எண்ணெயைக் குறைப்பது நியாயம்தான்.

தட்டில் பக்கத்தில் வைப்பது

சோன்புரி மாகாணத்தின் சிராச்சா ஊர்ப் பெயரைக் கொண்ட மிளகாய் சாஸ்தான் இதற்கு வழக்கமான ஜோடி. தாய்லாந்து வகை கொஞ்சம் நீர்த்து, இனிப்பும் புளிப்பும் முந்தி நிற்கும். எண்ணெயில் பொரிந்த முட்டைக்கு அந்தப் புளிப்புத்தான் தேவை. எனக்கு அதைவிடப் பிடித்தது ப்ரிக் நாம்ப்ளா. காரமான சிறு மிளகாய் ஆறை வட்டமாக நறுக்கி, மீன் சாஸ் 2 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், மெல்லியதாகச் சீவிய ஒரு பல் பூண்டு, கால் டீஸ்பூன் சர்க்கரை சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டால் தயார். இதைச் சோற்றின்மேல் அரை ஸ்பூன் விடுங்கள்; ஆம்லெட்டின்மேல் விட்டால் ஓரம் நமத்துவிடும். இதையும் வைப்பதாக இருந்தால் முட்டைக்கான மீன் சாஸை ஒரு டீஸ்பூனாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து வெள்ளரித் துண்டு கூடவே வையுங்கள். கையில் ஸ்பூன், இன்னொரு கையில் முள்கரண்டி; முள்கரண்டியால் தள்ளி, ஸ்பூனின் ஓரத்தால் முட்டையை வெட்டி, சோற்றோடு சேர்த்து எடுப்பார்கள். கத்தி வேண்டியதில்லை.

நான்கு பேருக்குச் செய்வதென்றால் எட்டு முட்டையை ஒன்றாக அடித்து வைத்துக்கொள்ளும் ஆசை வரும். வேண்டாம். இரண்டிரண்டாக, ஒவ்வொரு தடவையும் புதிதாக அடியுங்கள். ஒன்று முடிந்ததும் எண்ணெயில் மிதக்கும் துணுக்குகளை வலைக் கரண்டியால் அள்ளிவிடுங்கள். விட்டால் கருகி, அடுத்ததற்குக் கசப்பு ஏறும். சூடு திரும்ப ஏற ஒரு நிமிடம் பிடிக்கும். அடுத்த இரண்டு முட்டையை அடிக்க அந்த ஒரு நிமிடம் போதும். முதல் தட்டுக்காரர் மற்றவர்களுக்காகக் காத்திராமல் சாப்பிட்டுவிட வேண்டும். கடைசியில் மிஞ்சிய எண்ணெயை ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, மூடிய புட்டியில் இருட்டான இடத்தில் வையுங்கள். மீன் சாஸின் மணம் லேசாக ஏறியிருக்கும் என்பதால் இனிப்புப் பலகாரத்துக்கு அது ஆகாது. இன்னும் ஒன்றிரண்டு முறை இதே ஆம்லெட்டுக்குப் பயன்படுத்தலாம். நிறம் கருத்தாலோ, காயும்போது வழக்கத்தைவிட முன்னதாகவே புகைந்தாலோ கொட்டிவிடுங்கள்.